ஏழாம் நம்பர் கேமரா

அவருக்கு மலையில் மோப்பம் என்றுதான் பேர். நாய்க்கு வைக்கிற பேரை மனிதனுக்கு வைத்துவிட்டார்களே என்று அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, உள்ளூரப் பெருமைதான். முப்பது வருடமாக வனக்காவலர். நசுங்கிய புல்லைப் பார்த்தே போனது மானா மாடா, போய் எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் விஷயத்திலும் அதே பழக்கம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் போதும், இவருக்கு மூக்கு வியர்த்துவிடும்.

அப்படிப்பட்டவருக்குச் சொந்த மாப்பிள்ளை மேலேயே மூக்கு வியர்க்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மகளைக் கட்டியவனும் அதே வன அலுவலகத்தில் காவலர்தான். மனைவி போன பிறகு மோப்பம் மகள் வீட்டோடு இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மாமனாரும் மாப்பிள்ளையும் ஜோடியாக மலை ஏறி, பாதையோரத்து மரங்களில் கட்டியிருக்கும் கேமராக்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். முன்னால் எது நடமாடினாலும் தானாகப் படம் பிடிக்கும் கேமராக்கள் அவை. படம் பதிகிற சின்ன அட்டையைக் கழற்றுவது, அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் மாப்பிள்ளையின் பொறுப்பு. நகத்தளவு அட்டையைக் கையில் வாங்கவே மோப்பத்துக்குப் பயம். எங்காவது விழுந்து தொலைந்துவிடும் என்பார்.

புதன்கிழமை ரேஞ்சர் அம்மாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த அறைக்கதவு சாத்தி மோப்பம் பார்த்ததே இல்லை. சுவரில் குண்டூசி குத்திய வரைபடம், மேஜையோரம் வரிசையாக மின்னேறிக்கொண்டிருந்த பேட்டரிகள். அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு அந்த அம்மாள் கம்ப்யூட்டரை இவர் பக்கம் திருப்பினார்.

விஷயம் இதுதான். மலையின் பாதி உயரத்தில் ஒரு கல்வட்டம் இருக்கிறது. ஆள் உயரக் கற்களை வட்டமாக நட்டு, நடுவில் தங்கள் இறந்தவர்களைப் பானையோடும் மணியோடும் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இரண்டாயிரம் மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஜனங்கள். அந்த வட்டத்துக்குள் இரண்டு மாதத்துக்கு முன் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. தொல்லியல்காரர் வந்து, தூரிகையால் குழியைச் சுத்தமாகப் பெருக்கி, அளவெடுத்துவிட்டு, புதையல் தேடுகிற யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். வட்டத்தைப் பார்த்தபடி இருப்பது ஏழாம் நம்பர் கேமரா. குழி விழுந்த வெள்ளிக்கிழமை அதில் ஐந்து படங்களைக் காணோம். நடுவில் எண்கள் தாவுகின்றன. அதற்கப்புறம் வெள்ளிதோறும் ஒரு மணி நேரம் கேமராவில் வெறும் மரப்பட்டைதான் தெரிகிறது. யாரோ அதைத் திருப்பி வைக்கிறார்கள்.

"அட்டையத் தொடுறது ஒரே ஒரு ஆள்தான். திங்கக்கிழமை நான் மேல எழுதியாகணும். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் ரேஞ்சர். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

புராதன இடத்தைத் தோண்டினால் ஜெயில். மாப்பிள்ளை உள்ளே போனால் மகள் கதி? சொன்னால் மகள் வாழ்க்கை போச்சு, சொல்லாவிட்டால் முப்பது வருட உத்தியோகத்தின் மானம் போச்சு. மோப்பம் அன்று வீட்டுக்கு நடந்த வழி அவருக்கே நினைவில்லை.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் வீட்டில் பார்ப்பதெல்லாம் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளே பேச்சு நின்றது. மகள் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து அலமாரிக்குள் செருகினாள். மாப்பிள்ளை வழக்கத்துக்கு மாறாக, "வெள்ளிக்கிழமை வேணும்னா நீங்க வீட்ல இருங்க மாமா, நான் மட்டும் போயிட்டு வர்றேன்" என்றான். ஓகோ, தனியாகப் போகணுமா என்று இவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். மகளுக்கும் இதில் பங்கு உண்டோ என்று ஒரு கணம் தோன்றி, அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் தோன்றியது தோன்றியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஏறினார்கள். பாதையில் சிறுத்தையின் எச்சம் கிடந்தது, இரவில் போட்டது. வேறு நாளாக இருந்தால் அதைக் குச்சியால் கிளறி, தின்றது முயலா குரங்கா என்று பத்து நிமிடம் பேசியிருப்பார். இன்று அவர் கண் முழுக்க மாப்பிள்ளையின் தோள்பை மேலேயே இருந்தது. கேமரா பார்க்க வருகிறவனுக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு? போகும்போது இவ்வளவு கனம் என்றால் திரும்பும்போது எதைப் போட்டுக்கொண்டு வருவான்?

இன்னொரு கணக்கும் உதைத்தது. கல்வட்டத்துக்கு வந்ததும் ஒரு கல்லில் சாய்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்குவது கொஞ்ச காலமாக அவர் வழக்கம். அந்த ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை உச்சிக்குப் போய் எட்டாம் நம்பரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிடுவான். காலா இறக்கையா என்று இவரே அலுவலகத்தில் பெருமையடித்ததுண்டு. இப்போது யோசித்தால், உச்சிக்குப் போய்வர எந்தக் காலுக்கும் முக்கால் மணி நேரமாவது வேண்டும். அப்படியென்றால் அவன் உச்சிக்கே போவதில்லை. பக்கத்திலேயே எங்கோ போகிறான், எதையோ செய்கிறான். இது தனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று மோப்பம் பல்லைக் கடித்தார்.

கல்வட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மாப்பிள்ளை நின்றான். "நீங்க மெதுவா வாங்க மாமா. நான் முன்னால போறேன்."

போ ராசா, போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அவன் தலை மறைந்ததும் மோப்பம் பாதையை விட்டுப் புதருக்குள் நுழைந்தார். முள் கிழித்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனாலும் சத்தமில்லாமல் ஏறி வட்டத்துக் கல் ஒன்றின் பின்னால் போய் நின்றார். கண்ணெதிரே மாப்பிள்ளை ஏழாம் நம்பர் கேமராவின் பட்டையைத் தளர்த்தி, அதை நிதானமாக மரத்தைப் பார்க்கத் திருப்பினான். தினமும் கதவு சாத்துகிறவன் மாதிரி அவ்வளவு பழக்கமான கை.

"என்ன பண்ற நீ?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றும் இல்லை என்றான், பட்டை லூசாக இருந்தது என்றான், இரண்டையும் சேர்த்தே சொன்னான். மோப்பம் அவன் தோளிலிருந்து பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார். இரண்டு பெரிய தண்ணீர்ப் பாட்டில்கள் விழுந்தன. ஒரு கம்பளி, சர்க்கரைப் பொட்டலம், சுருட்டிய கயிறு. கடைசியாக ஒரு மடித்த காகிதம். மகள் அலமாரியில் செருகிய அதே காகிதம். பிரித்துப் பார்த்தார். இதய டாக்டரைப் பார்க்க நாள் வாங்கிய சீட்டு. அதில் நோயாளியின் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை போனை எடுத்து நீட்டினான்.

காணாமல் போன ஐந்து படங்களும் அதில் இருந்தன. முதல் படத்தில் மோப்பம் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மணி பத்து பன்னிரண்டு. அடுத்ததில் கல்லிலிருந்து சரிந்து, தொப்பி ஒருபக்கம், வாய் பிளந்தபடி மண்ணில் கிடந்தார். மூன்றாவதில் வட்டத்துக்குள் ஒரு காட்டுப்பன்றி. நான்காவதில் குட்டிகளோடு மூன்று பன்றிகள், மண் பறக்கக் கிளறிக்கொண்டிருந்தன, அவர் பூட்ஸ் காலுக்கு ஒரு முழம் தள்ளி. அவர் அசையவே இல்லை. ஐந்தாவதில் மாப்பிள்ளை கம்பை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான். மணி பத்து ஐம்பத்தெட்டு.

ஐந்து நிமிடம் என்று அவர் நினைத்திருந்தது நினைவு தப்பிக் கிடந்த முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை ஒவ்வொரு வாரமும் உச்சிக்கு ஒழுங்காகப் போய்த்தான் வந்திருக்கிறான்.

அன்று கண் விழித்ததும் மாப்பிள்ளை அவரை அவசரமாகக் கீழே கூட்டிப்போனதில் எதையும் கவனிக்கவில்லை; அந்தப் பன்றி கிளறிய குழியைத்தான், தொல்லியல்காரர் வந்துபோன பிறகு, அவரும் போய்ப் பார்த்தார். தூரிகை பெருக்கிவிட்டுப் போயிருந்த சுத்தத்தைப் பார்த்ததும் மனித வாடைதான் அவர் மூக்கில் ஏறியது. சுற்றி இரண்டடி தள்ளிக் குனிந்து குளம்புத் தடம் தேடவில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடத் தேடியிருப்பான். வெட்கம் காதுவரை சுட்டது.

"இது வெளிய வந்தா உங்கள மலையேற விடமாட்டாங்க மாமா. வேற எது போனாலும் தாங்குவீங்க, மலை போனா தாங்க மாட்டீங்கன்னு அவ அழுதா. டாக்டரப் பார்த்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அதுவரைக்கும் கேமராவுல நீங்க விழாம பார்த்துக்கிட்டேன்."

"குழி தோண்டினது நீங்கன்னு சொல்றாங்க" என்றார் மோப்பம். 'நீங்க' தானாகவே திரும்பி வந்துவிட்டது.

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தான். "யாரு?"

"ரேஞ்சர். திங்கக்கிழமை மேல எழுதப்போறாங்க."  இதையும் மறைத்தால் இனி அவன் முகத்தில் விழிக்க முடியாது என்று பட்டது. "நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து, சிதறிய சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தான். கம்பளியை உதறி மடித்தான். கேமராவைச் சரியாகத் திருப்பி வைத்தான். எல்லாம் முடிந்தபின், நான்காவது படத்தில் பன்றிகள் மட்டும் தெரிகிற மாதிரி ஓரத்தை வெட்டிவிடலாம், நீங்கள் இருப்பதே தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

மோப்பத்துக்கு ஆசை வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே வந்தது. ஓரத்தை வெட்டினால் மாப்பிள்ளை தப்பினான், மலையும் மிச்சம். ஆனால் ஓரம் வெட்டிய படத்தைப் பார்த்தால் அந்த அம்மாளுக்கு என்ன தோன்றும்? அவருக்கே தோன்றுவதுதான் தோன்றும். எதை வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள். அந்தக் கேள்வி மாப்பிள்ளையின் முதுகில் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இறங்கி நேராக ரேஞ்சர் அறைக்குப் போனார். கதவை அவரே சாத்தினார். போனை மேஜைமேல் வைத்து, ஐந்து படங்களையும் முழுசாகக் காட்டினார். அந்த அம்மாள் நான்காவது படத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு படங்களை அழித்தது தப்புதான், அதற்கு மாப்பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், குழி விவகாரம் இத்தோடு முடிந்தது என்றார். டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை மோப்பம் அடிவாரக் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதட்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. டாக்டர் எழுதிக் கொடுக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே படிக்கட்டில் மாப்பிள்ளை நின்றிருந்தான். என்ன சொன்னார்கள் என்று கேட்டான். மோப்பம் சொன்னார். "அடுத்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து உங்ககூட வேற ஆள் வருவாரு."

மாப்பிள்ளை கை கொடுத்து அவரைப் படியிறக்கினான். மூன்று படியும் இறங்கி முடித்தபின்தான் பேசினான்.

"அவராவது என்னை நம்புவாரா மாமா?"

  கேட்டுவிட்டு மாப்பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான், இவர் மூச்சு வாங்காமல் கூட வரக்கூடிய வேகத்தில்.