பொருள்: மிளகளவு ஒன்று – தொடர்பாக

1.

அறையில் இருந்தோர் நால்வர். மருத்துவர், சுழல் நாற்காலியில். விளையாட்டு ஆசிரியை, நோயாளிக்கான முக்காலியில், முதுகை நிமிர்த்தி, யாரோ 'ரெடி' சொல்லக் காத்திருப்பவர் போல. அவருடைய மகள், எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் (வேறு இடம் இல்லை, கடைசிவரை முள் அவள் எடையைக் காட்டிக்கொண்டே இருந்தது). ஆசிரியையின் கணவர், பரிசோதனைக் கட்டிலில். அங்கே உட்கார்ந்த குற்றத்துக்காக, உள்ளே வந்த செவிலியர் அவர் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டார். அவரும் கையை நீட்டிக் கொடுத்தார்.

அந்தக் கணவர்தான் இந்தக் கதையை எழுதுகிறவர். அவர் படித்த சிற்றூர்ப் பள்ளியில், 'நான்' என்று தொடங்கும் கடிதத்துக்குப் பாதி மதிப்பெண் போய்விடும். அந்தப் பயம் இன்னும் விடவில்லை. தவிர, இதில் அவர் செய்திருக்கும் காரியத்துக்கு 'அவர்' என்பதுதான் வசதி.

2.

கதை எங்கே பிறந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடலாம். ஒரு காலிக் கட்டத்தில் பிறந்தது.

அவருக்கு வேலை ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில். வருகிற, போகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எண், தேதி, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஐந்து கட்டம். ஒன்று காலியாகக் கிடந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டுக் கடிதங்களுக்கும் தனியாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறார் என்றால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

அலுவலகத்தில், குடும்பத்தினருக்கு இலவச உடல் பரிசோதனை என்று ஒரு படிவம் தந்தார்கள். 'விரும்பினால் மட்டும்' என்பதன் கீழே ஒன்பது கட்டங்கள். மனைவியின் பெயரை எழுதி ஒன்பதிலும் குறியிட்டார். எட்டாவது கட்டம், கழுத்து ஸ்கேன்.

அந்தக் கழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து கிளம்பும் குரல், மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் பிள்ளையைக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டவைக்கும். இருபத்திரண்டு வருட வேலையில் ஆசிரியை விசில் வாங்கியதே இல்லை.

ஸ்கேனில் தைராய்டு சுரப்பிக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. ஆறு மில்லிமீட்டர், மிளகைவிடச் சற்றுப் பெரிது. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிவைச் சொல்லவும் கேட்கவும்தான் மேற்சொன்ன நால்வரும் மேற்சொன்ன இடங்களில் அமர்ந்திருந்தனர்.

3.

"பேரு புற்றுநோய்தான் டீச்சர், அதை மறைக்கல," என்றார் மருத்துவர். "ஆனா இவ்வளவு சின்னதா இருக்கிறப்போ, நிறைய பேருக்கு ஆயுசு பூரா இருந்த இடத்துலயே கிடந்துட்டுப் போயிடும். ஸ்கேன் எடுக்கலேன்னா தெரிஞ்சே இருக்காது."

ஆசிரியை கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னுது அந்த ரகமா டாக்டர்?"

"இன்னிக்குச் சொல்ல முடியாது. வளர்ற ரகமாவும் இருக்கலாம். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அப்புறம் தினம் ஒரு மாத்திரை தேவைப்படலாம். சிலருக்குக் குரல் கம்மிடும், திரும்பி வராமலும் போகலாம். இல்லேன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பண்ணிக் கவனிச்சுக்கிட்டே இருக்கலாம். உங்க விஷயத்துல ரெண்டும் சரியான வழிதான்."

"புற்றுநோயை வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறதா?" என்றாள் மகள்.

"நீ முதல்ல அந்த மிஷின்லேருந்து இறங்கு," என்றார் ஆசிரியை.

இருபதாம் தேதிக்கு இடம் பிடித்து வைப்பதாகச் சொன்னார் மருத்துவர். வேண்டுமா, வேண்டாமா என்று பத்து நாளுக்குள் கையெழுத்திட்ட கடிதமாக வர வேண்டும். கடிதம் என்ற சொல்லைக் கேட்டதும் கட்டிலில் இருந்தவருக்கு உயிர் வந்தது.*

(* அன்று செவிலியர் எடுத்த இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். அதற்கென்று எழுதுகிறவர் ஒரு கோப்பு திறந்து லேபிளும் ஒட்டியிருக்கிறார். மனைவிக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.)

4.

கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தார்:

இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையை விரித்துப் பார்த்த ஆசிரியையின் முகம்—

[கைவிடப்பட்டது.]

மைதானத்தின் நடுவே திடீரென்று கண் இருட்ட, அவள் மெல்லச் சரிந்து—

[இதுவும்.]

கைவிடவைத்தது மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தவர் தாளை எடுத்துப் படித்தார்.

"யாருங்க இது?"

"கதைல வர்ற டீச்சர்."

"எதுக்கு இருமுறா?"

"நோய்னா ஏதாவது ஒரு அறிகுறி இருந்தாத்தானே கதை நகரும்."

"எனக்குத்தான் இருமலே கிடையாதே."

"உனக்கு இல்ல. அவளுக்கு."

"அவளுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? நீங்க கொடுத்தது. அடுத்த பக்கத்துல மயக்கம். இன்னும் ரெண்டு பக்கம் போனா படுத்த படுக்கை. ஒன்பது கட்டத்துலயும் டிக் போட்ட கைதானே."

ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணை வைத்துக் கதை எழுத அவருக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. இருமலை அடித்தார். மயக்கத்தை அடித்தார். தாளில் மிச்சம் இருந்தது, துணி மடிக்கும் ஒரு பெண்.

5.

இனி அந்தக் காரியம். இதுவரை தள்ளிப்போட்டதை வாசகராகிய நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

மருத்துவரைப் பார்த்த நாளுக்கு மனைவிக்கு விடுப்பு வேண்டியிருந்தது. அந்த வீட்டில் எல்லாக் கடிதங்களையும் எழுதுகிறவர் அவர்தானே. ஊசிச் சோதனைக்கு அனுப்பியபோதே ஒரு மருத்துவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தார். இவர் தலைமை ஆசிரியைக்கு இப்படி எழுதினார்: 'பொருள்: புற்றுநோய் – ஒரு நாள் விடுப்பு கோருதல் – தொடர்பாக.' மனைவி அவசரத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் தலைமை ஆசிரியை மிகுந்த அன்போடு அவரை மைதானத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றினார். மைதானத்துக்குப் புது ஆள் வந்தார், விசிலோடு.

"இன்னிக்கு என்ன பண்ணேன் தெரியுமா?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் மனைவி. "முப்பது புத்தகத்துக்கு அட்டை போட்டேன். பிள்ளைங்க என்கிட்ட மெல்லமாப் பேசுதுங்க. ஒருத்தி என் பையைத் தூக்கிட்டு வந்தா. போன மாசம் நான் ஆறு சுத்து ஓடவிட்டவ."

"பொருள் தெளிவா இருக்கணும்னுதான்…"

"சொந்த வேலைன்னு எழுதக் கூடாதா? உள்ள இருக்கிறது இன்னும் ஒண்ணுமே பண்ணலீங்க. இத்தனையும் பண்ணது உங்க ஒரு வரி."

இந்த இடத்தில் எழுதுகிறவர் தன் தரப்பை விளக்கி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். நீக்கப்பட்டது.

6.

முடிவுகள் கைவசம் நான்கு உள்ளன.

அ. அறுவை நடக்கிறது. வளர்கிற ரகம்தான். குரல் போய்விட்டது, ஆள் நலம்.

ஆ. அறுவை நடக்கிறது. சும்மா கிடந்திருக்கும் ரகம். குரலும் போய்விட்டது. (அது அந்த ரகம் என்பது யாருக்கும் கடைசிவரை தெரியாது என்பதால் எழுதவும் முடியாது.)

இ. காத்திருக்கிறார்கள். பதினோரு வருடம் கழித்தும் ஆறு மில்லிமீட்டர்.

ஈ. காத்திருக்கிறார்கள். அது காத்திருக்கவில்லை.

மனைவி நான்கையும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "நாலுலயும் கடைசில அழறது நீங்கதான். எனக்கு ஒரு வரி பேச்சுகூட இல்ல."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. குளிக்கிறப்போ தினம் தொட்டுப் பார்க்கிறேன். ஆனா அது என் பயம். நீங்க எல்லாருமாச் சேர்ந்து எனக்காகப் பயப்பட்டா, நான் எங்க நின்னு யோசிக்கிறது?"



7.

ஒன்பதாம் நாள், சம்மதம் என்று ஒன்று, காத்திருக்கிறோம் என்று ஒன்று, இரண்டு கடிதங்களை அழகாக எழுதி மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சிறு புள்ளிகூட வைத்திருந்தார். மனைவி இரண்டையும் ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டார். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பொருள் போட்டியா?"

"இல்ல."

"பொருள் இல்லாம ஒரு கடிதம்—"

"முகவரியை மட்டும் நீங்க எழுதுங்க. உங்க கையெழுத்து நல்லா இருக்கும்."

உறையை மனைவியே ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார். எழுதுகிறவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே கடிதத்தைச் சுற்றி இன்னொரு வெற்றுத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இருபத்தாறு வருடக் குடித்தனம்.

வீட்டுப் பதிவேட்டைத் திறந்தார். எண் எழுதினார். தேதி. அனுப்புநர், மனைவி. பெறுநர், மருத்துவர். ஐந்தாவது கட்டத்துக்கு மேல் பேனா நின்றது, கை துறுதுறுத்தது. மூடியைப் போட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுப் பதிவேட்டை மூடினார். அந்தக் கட்டம் உங்களுக்கானது. எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள்.

தபால் பெட்டி தெருக்கோடியில் இருக்கிறது. பெட்டியின் வாயருகே உறையைக் கொண்டுபோனவர் கொஞ்சம் தயங்கி நின்றார்.

"போடுங்க!" என்று வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலூன்றி நின்றுவிட்டார்.

போட்டார்.