பை மாட்டும் ஆணியில் ஒரு காது

மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது காலர்காரியின் இடது காது அவளோடு வரவில்லை. வகுப்பறையில் பை மாட்டும் ஆணிகளில் கடைசி ஆணியில், மகளின் நீலப் பைக்குப் பின்னால், கம்மலோடு அது தங்கிவிட்டது. வலி இல்லை, ரத்தம் இல்லை. பேருந்தில் உட்கார்ந்து முடியை ஒதுக்கக் கையைக் கொண்டுபோனபோதுதான் அந்த இடம் வழவழவென்று இருப்பது தெரிந்தது. அலற வாயைத் திறந்தவளுக்கு, இல்லாத அந்தக் காதில் நாற்காலி இழுபடும் சத்தமும் மகள் மூக்கு உறிஞ்சும் சத்தமும் கேட்டன. நல்லதாய்ப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டு, முடியை அந்தப் பக்கமாக இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். மகளுக்கு ஏழு வயது. கழுத்து நிற்காது, பேச்சு வராது, சிரிப்பு மட்டும் தாராளமாக வரும். விழுங்குவதுதான் பெரும்பாடு. ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த வாய் போனால் புரையேறி, சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விடும். அப்படி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். கணவன் ஊட்ட வந்தால்கூட காலர்காரி ஸ்பூனைப் பிடுங்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் பள்ளிக்கு இரண்டு முழுத்தாளில் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தாள்: சாப்பாட்டை மசிக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தாடை தாழ்ந்திருக்க வேண்டும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பத்து எண்ண வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா அதை வரி விடாமல் படித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். ஓர் உயிரை ஒப்படைத்ததற்கு ஒற்றைச் "சரிம்மா"வா என்று காலர்காரி வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். காது தங்கிப்போனதற்கு அதுதான் காரணம் என்று பிற்பாடு அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு வலது காதில் நூறு தையல் மெஷின்கள், இடது காதில் வகுப்பறை. முதல் மாதம் மட்டும் பதினேழு முறை மெஷினை விட்டு எழுந்து ஓடினாள். தடாலென்று கேட்டதே என்று ஓடினால் உருண்டது வாளி. இருமல் கேட்டதே என்று ஓடினால் இருமியது டீச்சர். பள்ளிக் காவலாளி தெருமுனையில் அவள் தலையைப் பார்த்ததுமே கேட்டைத் திறந்து வைக்கப் பழகிவிட்டான். ஓடாத நாட்களில் காலர்கள் கோணின. மேற்பார்வையாளர் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்து, இதைப் போடுகிறவன் ஆயுசுக்கும் பக்கத்து வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பான் என்றார். இன்னொரு முறை பாதியில் எழுந்து போனால் அந்த மெஷினில் வேறு ஆள் உட்காரும் என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார்.

மதியம் பன்னிரண்டு இருபதுக்கு மட்டும் அவள் கொஞ்சம் அடங்குவாள். ஆயாம்மா ஊட்டுகிற நேரம் அது. ஒவ்வொரு வாய்க்கும் வாய்விட்டு எண்ணுவாள். பத்தோடு நிறுத்தாமல் பதினான்குவரை போவாள். பத்து என்று எழுதிக் கொடுத்தால் பத்து எண்ண வேண்டியதுதானே, இதென்ன அதிகப்பிரசங்கித்தனம் என்று காலர்காரிக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கடைசிப் பதினான்கைக் கேட்டபிறகுதான் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள்.

மூன்றாம் மாதம் தூசி தட்டும்போது ஆயாம்மா நீலப் பையைத் தூக்கினாள், காதைப் பார்த்தாள். கூச்சல் எதுவும் போடவில்லை. ஈரத்துணியால் மடலைத் துடைத்துவிட்டு, குனிந்து, "இங்கயா இருக்கீங்க? இங்க ஒரே தூசிம்மா. ஒரு ஆணி தள்ளி மாட்டறேன்" என்றாள். தலைமையாசிரியர்வரை போகாமல் காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்துக்கொண்டாள். காலர்காரிக்கோ இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று. இதுவரை ஒட்டுக்கேட்டது எல்லாம் உண்மை. இனிமேல் கேட்பது தனக்காகச் சொல்லப்படுவதாக இருக்கலாம் அல்லவா? வாய் பாட்டுக்குப் பதினான்கு எண்ணிக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு ஸ்பூனைத் திணித்தால் காதுக்கு எப்படித் தெரியும்? கூடவே ஒரு கண்ணும் தங்கியிருக்கக் கூடாதா என்று தன் கண்களையே நொந்துகொண்டாள்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. பதினோரு மணிக்கு இடது காதில் சுவரைத் துளைக்கும் சத்தம் காதைப் பிளந்தது. அப்புறம் ஏதோ மெத்தென்று உரசியது. அப்புறம் ஒன்றுமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு காலர்கள் தைத்தாள். பன்னிரண்டு இருபது ஆயிற்று. எண்ணும் குரல் வரவில்லை. பாதிக் காலரை ஊசியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். மேற்பார்வையாளர் சொன்னதை அவளிடம் மிச்சமிருந்த காது வாங்கிக்கொள்ளவில்லை.

பள்ளியில் கேட் திறந்திருந்தது. பின்பக்கமாகச் சுற்றி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். பிள்ளைகள் பிடித்து நடக்கச் சுவரில் கம்பி பதிக்க வந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் இரண்டே பேர். ஆணியில் தொங்கிய காதுக்குள் ஒரு பிடி பஞ்சு அடைத்திருந்தது. தனக்குக் கேட்கக் கூடாதென்றே அடைத்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

ஆயாம்மா மகளின் நெற்றியைத் தாங்கியபடி ஒரு வாய் கொடுத்துவிட்டு, வெறும் அறையில், யாருக்கும் கேட்காத இடத்தில், வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது. பத்து. மகளின் தொண்டை அசையவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்றில்தான் அது மெல்ல இறங்கியது. பதினான்கு என்றதும் மகள் வாயைத் திறந்தாள். ஷிஃப்டுக்கு ஓடும் அவசரத்தில் ஏழு வருடமாகத் தான் எண்ணிய பத்து காலர்காரிக்கு நினைவு வந்தது. மகள் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்ததும் நினைவு வந்தது. நடுவில் மகளுக்கு ஓர் இருமல் வந்தது. ஆயாம்மா பதறவில்லை, முன்னால் சாய்த்து, மார்பில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். மகள் சிரித்தாள். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. காலர்காரி கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே போகவில்லை.

சாயங்காலம் மகளை அழைக்கப் போனபோது ஆயாம்மா ஓடிவந்தாள். "துளை போடற சத்தம் உங்களுக்குத் தாங்காதேன்னு பஞ்சு வச்சேன்மா. எடுக்க மறந்தே போச்சு. பயந்துட்டீங்களா?"

"பரவாயில்ல ஆயாம்மா. பஞ்சு அப்படியே இருக்கட்டும்."

அன்றிலிருந்து வீட்டிலும் பதினான்குதான். ஸ்பூன் கணவன் கைக்கும் போனது. மேற்பார்வையாளர் சொன்னபடியே அந்த மெஷினில் வேறு ஆளை உட்காரவைத்து, அவளைப் பட்டன் பகுதிக்கு மாற்றினார். காலரை நேராக வைக்க வேறு ஆள் கிடைக்காமல் ஒரு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார். அதற்குப்பின் அவள் தைத்த காலர் எதுவும் கோணவில்லை. கம்மல் மாற்றும்போது மட்டும் ஆணிக்கும் ஒன்று வாங்கிக் கொடுப்பாள்.

ஒன்பது வருடம் கழித்து மகள் படிப்பு முடிந்து வெளியேறிய நாளில், தலை நரைத்துவிட்ட ஆயாம்மா காதைச் சுத்தமான கைக்குட்டையில் சுற்றி நீட்டினாள். காலர்காரி வாங்கிக்கொள்ளவில்லை.

"அது இங்கயே பழகிடுச்சு. பஞ்சை மட்டும் எடுத்துடுங்க. இனிமே சும்மா கேக்கத்தானே."

காது மறுபடி ஆணிக்குப் போனது. இப்போதெல்லாம் பன்னிரண்டு இருபதுக்கு, முகம் தெரியாத ஏதோ ஒரு பிள்ளைக்கு ஆயாம்மா எண்ணுவது அவளுக்குக் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பதினொன்றே போதும். கடைசிப் பதினொன்றைக் கேட்டபிறகு காலர்காரி தன் டப்பாவைத் திறக்கிறாள்.