சோமசேகரத்தின் முப்பத்திரண்டாவது பிரேரணை

1

வாசகரே, சாட்சிக்கு அழைக்கிறேன், வாருங்கள். கரவெட்டிக்குப் போகும் வழியில் இரண்டு பரப்பு வெறுங்காணி. நடுவே ஒரு கருங்கல். அதில் பொன்னெழுத்து: "கிராமிய மருந்தகத்துக்கான அடிக்கல். நாட்டியவர்: மாகாண சபை உறுப்பினர் கௌரவ சோமசேகரம். ஆவணி, 2018." மருந்தகம் எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள். காணியைக் கொடுத்தவள் ஏழாண்டுகளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இக்கதை ஓர் ஆட்டிலிருந்து பிறந்தது. பேருந்துச் சன்னலால் பார்த்தேன். அந்தக் கல்லில் ஆடு கட்டியிருந்தது. (இது முழு உண்மையன்று. மீதியைப் பின்னர் ஒப்புக்கொள்வேன்.)

2

தொடக்கங்கள்:

"சோமசேகரம் ஊழலில் ஊறியவர், அவருடைய —" அடித்துவிட்டேன். மனிதர் ஒரு சதமும் தொட்டதில்லை.

"சோமசேகரம் மக்கள் தொண்டர், அன்னாரின் —" இதுவும் வேண்டாம். தொண்டர் நட்ட கல்லுக்கு ஏன் கூரையில்லை?

நின்ற வரி: சோமசேகரம் நல்லவர், ஆகவே என் கோபம் இரட்டிப்பாகிறது.

ஐந்தாண்டு சபையில் இருந்தார். முப்பத்தொரு பிரேரணைகளை முன்மொழிந்தார். அத்தனையும் ஏகமனதாக நிறைவேறின. ஒன்றுகூடச் சபை வாசற்படியைத் தாண்டவில்லை. சபையின் ஆயுட்காலம் முடிய இரண்டு மாதம் இருக்கையில், பணம் ஒதுக்கப்படுமுன்னே, நல்ல நாள் பார்த்து அவசரமாகக் கல் நாட்டினார். சபை கலைந்தது. அடுத்த தேர்தல் இன்றளவும் வரவில்லை. பழைய கடிதத்தாள் தீராததால், 'உறுப்பினர்' என்ற அச்செழுத்துக்கு முன் 'முன்னாள்' என்று பேனாவால் எழுதிப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கிறார்.*

* அந்த ஒரு சொல்லை மட்டும் மிகப் பொடியாக எழுதுவார்.

3

பங்குனி நண்பகல். தேர்தல் வரப்போகிறதென்று எங்கோ காதில் விழ, சோமசேகரம் சிறு தகரத்தில் பொன்வண்ணமும் தூரிகையுமாக வந்து, கல்லின் முன் குந்தித் தம் பெயரின் முதலெழுத்தைப் புதுப்பித்தார். வேலிக்கு அப்பாலிருந்து நாகேஸ்வரி வந்தாள். காணிக்காரி அவள்தான். அவள் கணவன் தம்பிராசா நெஞ்சுவலியோடு நகரத்து ஆசுபத்திரிக்குப் போகும் வழியில், ஓட்டோவிலேயே இறந்தான். அந்த வழியைக் குறுக்கத்தான் காணியைச் சபைக்கு உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தாள்.

"என்ன ஐயா, கல்லுக்குத் தண்ணி ஊத்த வந்தனீங்களோ? நானும் ஊத்திப் பாத்தன். முளைக்கேல்லை."

"பகிடி விடாதை தங்கச்சி. எலெக்சன் வருதாம். வந்தால் முதல் வேலை உதுதான்."

"'ஆறே திங்களில் இம்மண்ணில் மருந்து மணக்கும்' எண்டு மைக்கிலை கதைச்சனீங்கள். இப்ப ஆட்டுப் புழுக்கை மணக்குது."

"சபை இருந்தால்தானே நான் கேக்கலாம்."

"அப்ப நான் ஆரைக் கேக்கிறது? ஆட்டையோ?"

"ஒரு கடிதம் தாறன்…"

"கடிதம் பெட்டி நிறையக் கிடக்கு. ஒண்டில் கட்டிடத்தைத் தாங்கோ, இல்லாட்டி என்ரை காணியைத் தாங்கோ. உங்கடை பேர் எனக்கென்னத்துக்கு?"

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். ஆடு நின்றது.

4

(இவ்விடத்தில் அவரை அழவைக்க எண்ணினேன். அவரோ கண்ணயர்ந்துவிட்டார்.)

பனைநிழலில், கல்லில் சாய்ந்திருந்தவரைச் சுற்றி வெயில் மெல்லச் சுவராக எழுந்தது. வெள்ளைச் சுவர். நீல யன்னல். நீண்ட வாங்குப் பலகையில் தம்பிராசா, நெஞ்சில் ஒரு கையும் மறுகையில் இலக்கத் துண்டுமாக, முறைக்குக் காத்திருந்தான். எங்கும் மருந்து மணம். வாங்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்து சபை ஆசனங்களாயின. எவரும் இல்லாத மண்டபத்தில் பனையோலைச் சலசலப்பு மட்டும். சோமசேகரம் எழுந்தார்.

"மருந்தகத்தைக் கட்டுக, அன்றேல் காணியை மீள அளிக்குக."

அவைத் தலைவரின் குரல் கூரையிலிருந்து இறங்கியது. "வழிமொழிபவர் யார்?"

இரண்டாமவர் ஒருவர் எழாவிட்டால் பிரேரணை விழுந்துவிடும். அதுவே சபை விதி. அவர் காத்து நின்றார். ஆசனங்களில் வெயில் அமர்ந்திருந்தது.

விழித்தபோது பொன்வண்ணம் இன்னும் காயவில்லை. சால்வைத் தலைப்பால் தம் பெயரின் முதலெழுத்தைத் துடைத்தார். வெள்ளைச் சால்வையில் பொன் அப்பிக்கொண்டது. பையிலிருந்த கடிதத்தாளை எடுத்து, கனவில் சொன்ன அதே வரியை எழுதினார். 'முன்னாள்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். வேலியடியில் நின்று கூப்பிட்டுக் கொடுத்தார்.

நாகேஸ்வரி வாசித்தாள். "வழிமொழிபவர் எண்டு போட்டுக் கோடு கீறியிருக்கு. உதிலை ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"தெரியேல்லை தங்கச்சி."

5

முடிவு அ: தேர்தல் வருகிறது, வெல்கிறார், பிரேரணை ஏகமனதாக — முப்பத்தொன்றோடு முப்பத்திரண்டு. நான் நம்பவில்லை.

முடிவு ஆ: ஊரார் கல்லைப் பிடுங்குகிறார்கள். ஆனால் காணி உறுதி சபையின் பெயரில், சபையோ —

முடிவு இ: இறுதியில் நீதி —

இல்லை. மீதி உண்மையை இப்போது சொல்கிறேன். 'ஆறே திங்களில் இம்மண்ணில் மருந்து மணக்கும்' என்ற வாக்கியம் என்னுடையது. சோமசேகரத்துக்கு அந்த உரையை எழுதியவன் நான். அதற்குக் கிடைத்த கைதட்டலை முன்வரிசையிலிருந்து கண்மூடிக் கேட்டவனும் நான். அழகாக முடிக்கும் உரிமை எனக்கு இல்லை.

வழிமொழியும் கோட்டில் என் பெயரை எழுதப் போகிறேன். ஒரு பெயர் போதுமென்பது சபைக்குரிய விதி. சபையே இல்லாத ஊரில் ஒன்று போதாது. உங்கள் ஊரிலும் இப்படியொரு கல் நிற்கும். போய் அதன் பெயரையும் திகதியையும் வாசியுங்கள். அந்தப் பெயருக்குரியவரின் வாசலில் நின்று கட்டிடத்தைக் கேளுங்கள். தேர்தல் எந்நாள் என்று அதிகாரத்தில் இருப்போரைக் கேளுங்கள். விடை வரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்.

நாகேஸ்வரி வேலியடியில் தாளோடு நிற்கிறாள். எழுந்து வந்து கையெழுத்திடுங்கள்.