வேட்டிக் கறை

அப்பாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து மோந்து பார்த்தான் செழியன். அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர், புளித்த வெல்ல வாடை. வாசலில் அப்பா துரைராசு ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். மாரடைப்பு என்று ஒரத்தநாட்டு டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டாக்டருக்கு இந்தத் தம்ளரைப் பற்றி என்ன தெரியும்?

பின்கட்டு அறை முழுக்கத் தங்கை செந்தாமரையின் ஜாடிகள். ஆராய்ச்சியாம். வெல்லத் தண்ணீரில் கறுப்புப் பூஞ்சை வளர்ப்பாள். அது விடும் அமிலத்தில் களிமண்ணை ஊறவைத்தால், மண்ணில் இருக்கும் இரும்பு கரைந்து மண் வெளுத்துவிடும். வருகிற வியாழக்கிழமை அதற்குத்தான் பட்டம் வாங்கப் போகிறாள். வீட்டுக்குள் இந்தக் கருமம் வேண்டாம் என்று செழியன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். அப்பாதான் இடம் கொடுத்தார்.

"எல்லாரும் வந்தாச்சு செழியா, எடுத்துடலாம்ல?" வாசலிலிருந்து சித்தப்பா இராஜாங்கம் கேட்டார்.

"இருங்க சித்தப்பா."

போலீசுக்குச் சொன்னால் அப்பாவை அறுப்பார்கள். சொல்லாமல் எரித்துவிட்டால், ஆயுசுக்கும் தங்கை முகத்தில் விழிக்க முடியாது. பெண்கள் கூட்டத்திலிருந்து அவளை உள்ளே கூப்பிட்டான்.

"இதை அப்பா குடிச்சாரா? நேரா சொல்லு."

அவள் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மண்ணு ஊறின தண்ணியாச்சே. எங்கண்ணே இருந்துச்சு?"

"கட்டிலுக்கு அடியில."

அவள் குனிந்து, சுவரோரம் தள்ளியிருந்த பிளாஸ்டிக் பேசினை இழுத்தாள். அதே மஞ்சள் தண்ணீரில் சரிகை வேட்டி ஊறிக்கொண்டிருந்தது. அவள் முதல் உதவித்தொகையில் எடுத்துக் கொடுத்தது. கட்டாமல் டிரங்குப் பெட்டியிலேயே பூட்டி வைத்திருந்தார். பெட்டியின் துரு வேட்டி ஓரத்தில் உள்ளங்கை அகலம் ஏறியிருந்தது.

"துருக்கறையும் போகுமான்னு போன வாரம் கேட்டாரு. போகும்னேன். எதுக்குன்னு நான் கேக்கல. வியாழக்கிழமை கட்டிக்கத்தான் போல." வேட்டி ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "இந்தத் தம்ளரால ஜாடி மாத்தி மொண்டிருக்காரு. இது ஏற்கெனவே இரும்பு ஏறுன தண்ணி. புதுசுல போட்டிருந்தா போயிருக்கும்."

செழியனுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"இப்ப புதுசுல போட்டா, எடுக்குறதுக்குள்ள அப்பாவுக்குக் கட்டிடலாமா?"

"சூடு வேணும். ஒரு மணி நேரம் ஆகும்ணே."

அவன் வாசலுக்குப் போனான்.

"ஒரு மணி நேரம் பொறுங்க சித்தப்பா."

"இன்னும் யாருடா வரணும்?"

செழியன் உள்ளே வந்து, காலையிலிருந்து யாரும் தொடாத அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீர் போட்டான்.