கிணற்றின் மேல் கிணறு

ஓமானில் சோஹாருக்கு வடக்கே, கடலோரக் கண்டல் காட்டை ஒட்டிய பொட்டலில் முந்நூறு தொழிலாளர்கள் தங்குவதற்கு கேம்ப் எழும்பவிருந்தது. சனிக்கிழமை கேபின்கள் வந்து இறங்கும். அங்கே படுக்கப்போகிற முந்நூறு பேரில் சர்வேயர் பாண்டித்துரையும் ஒருவன். அதனால்தான் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், இந்த எடத்துல கடத்தண்ணி ஏறும்.”

இன்ஜினியர் பத்மநாபன் லேப்டாப்பைத் திருப்பினார். அறுபது வருஷத்துக்கு முந்தைய மேப்பை ஆபீஸில் இன்றைய மேப்பின் மேல் விரித்திருந்தார்கள். பழைய மேப்பில் இருந்த கடலோடையின் நீலக் கோடு கண்டல் மரங்களுக்குள்ளேயே முடிந்தது.

“ஓடை எங்க, கேம்ப் எங்க? கண்ணத் தொறந்து பாருப்பா.”

கண்ணைத் திறந்து பார்த்தவன் பாண்டித்துரைதான். பழைய மேப்பில் ஒரு கிணறும், அதை ஒட்டி விறகுவெட்டிகளின் குடிசைகளும் இருந்தன. குடிசைகள் போய்விட்டன. கிணறு இன்றும் இருக்கிறது, ஆனால் மேப் காட்டும் இடத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி. அந்தக் காலத்து அளவுக் கட்டம் வேறு, ஜிபிஎஸ் கட்டம் வேறு. மாற்றாமல் விரித்தால் ஊரே நகர்ந்துதான் உட்காரும். அவன் பழைய மேப்பை நகர்த்தி, கிணற்றைக் கிணற்றின் மேல் வைத்தான். நீலக் கோடு கேம்புக்கு நடுவே வந்து நின்றது. அந்தக் கோட்டின் இரு கரையிலும் ஆப்பு அடித்து சிவப்பு ரிப்பன் கட்டினான்.

“ட்ரோன் படத்துல சொட்டுத் தண்ணி இல்லையே?”

“அது அஷ்டமியில எடுத்தது சார். அன்னிக்குக் கடல் ஓதம் மட்டமா இருக்கும். வியாழக்கெழம அமாவாச, ஓதம் பெருசா ஏறும். காலையில வந்து பாருங்க.”

“தண்ணி வரலைன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன்.”

“போடுங்க சார்.”

வியாழனன்று பத்மநாபன் வேண்டுமென்றே ரிப்பன்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தினார். இருவரும் கிணறு இருந்த மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்து நின்றார்கள். ஒன்பதானது, ஒன்பதரையானது. மண் காய்ந்தே கிடந்தது. பாண்டித்துரைக்கு மேப்பின் மேல் சந்தேகமே இல்லை. சாரின் பொறுமை மேல்தான் சந்தேகம்.

“கலாஸ், முடிஞ்சுது. பெட்டியக் கட்டு,” என்று பத்மநாபன் வண்டிக்குத் திரும்பினார். அப்படியே நின்றார்.

தண்ணீர் கடல் பக்கமிருந்து வரவில்லை. கண்டல் காட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக, நீலக் கோடு வளைந்த வளைவிலேயே வளைந்து வந்திருந்தது. வண்டியின் நாலு சக்கரமும் பாதி முங்கிவிட்டன. ஆப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பொட்டு ஈரமில்லை. பாண்டித்துரைக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டான்.

பத்மநாபன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

“சனிக்கெழம கேபின எங்கப்பா எறக்குறது?”

“நாம நிக்கிற எடத்துலதான் சார். அந்தக் காலத்துல வெறகு வெட்டுனவன் இங்கதான் படுத்திருக்கான்.”