சிறகு வராத பூச்சிகள்

அந்த ஆண்டு மழை முதலில் வந்ததா, பூச்சிகள் வளராமல் நின்றது முதலிலா என்று பெனாசிருக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நினைவில் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன: ஆய்வறைக் கூரை ஒழுகும் சத்தமும், டப்பாவுக்குள் அளவுக்கு மீறிப் பெருத்த சிவப்புக் குஞ்சுகளும். தொண்ணூற்றொன்பது என்பது மட்டும் நிச்சயம். மகன் அத்னான் காய்ச்சலில் மவுத்தானதற்கு மறுவருஷம்.

அரியலூரில் ஒரு கல்லூரியில், பருத்திக்காயை உறிஞ்சும் சிவப்பு நாவாய்ப்பூச்சிகளை அவள் வளர்த்துவந்தாள். குஞ்சு கடைசி முறை சட்டை உரிக்கும்போது சிறகு வர வேண்டும். அதற்கு முன் அதன் உடம்பில் ஒரு ஹார்மோன் அடங்க வேண்டும்; நீ இன்னும் குழந்தைதான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஹார்மோன். அது அடங்காவிட்டால் பூச்சி மறுபடியும் குஞ்சாகவே உரிக்கும், பெருக்கும், அப்படியே செத்துப்போகும். ஜெயங்கொண்டத்து முந்திரிக்கொட்டை ஓட்டின் சாறு அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்கிறது என்று அவள் கண்டிருந்தாள். சாறு தடவியவை உள்ளறையில் சிறகில்லாமல் நின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, தடவாத 'கண்ட்ரோல்' பூச்சிகள் பக்கத்து அறையில் சிறகோடு திரிந்தன. கட்டுரை அச்சாகிவிட்டது. அதை வைத்துத்தான் அவள் வேலை நிரந்தரமாகும் என்று துறைத்தலைவர் ராசாங்கம் சொல்லியிருந்தார்.

மழையில் பக்கத்து அறை ஒழுக, எல்லா டப்பாக்களையும் உள்ளறைக்கு மாற்றினார்கள். பிறகு தடவாதவையும் வளராமல் நின்றன. சாற்றை அறையிலிருந்தே அகற்றிப் பார்த்தாள். அப்போதும் நின்றன.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து, அவள் அத்தா ரஹ்மத்துல்லா லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். பேரனை அடக்கிய கபுர் மேல் அவர் நட்ட திருநீற்றுப்பச்சையில் ஒரு காம்பு கிள்ளி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவார். பெண்கள் கபுர்ஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. அவளுக்கு வாய்த்தது அந்தக் காம்புதான். ஆய்வறைச் சன்னலில் கண்ணாடி டம்ளரில் வைப்பாள். மணம் அறை முழுக்க நிற்கும். யாரோ நாற்காலிக்குப் பின்னால் பேசாமல் நின்று பார்ப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஒரு காலையில், ஆய்வறை உதவியாளர் பூங்காவனம் அந்த டம்ளரின் பழைய தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல், பூச்சிகள் உறிஞ்சும் ஈரப்பஞ்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதைப் பெனாசிர் பார்த்தாள்.

"என்னக்கா செய்றீங்க?"

"எப்பயும் செய்றதுதாம்மா. புள்ள மேல மொளச்ச செடி. அந்தத் தண்ணிய சாக்கடையிலயா ஊத்துவாங்க? எங்க கல்லங்குறிச்சி பெருமா கோயில் துளசித் தண்ணியவே கால்படுற எடத்துல ஊத்த மாட்டோம். இங்க உசுருன்னு இருக்குறது இதுங்கதானே."

"எத்தன நாளாக்கா?"

"மொதக் காம்பு வந்ததுலேர்ந்து. பக்கத்து ரூம்ல கெடந்ததுங்களுக்குத்தான் குடுத்து வக்கல. பாவம், இப்ப அதுங்களுக்கும் கெடைக்குது."

ராசாங்கம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மழையில கண்ட்ரோல் கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டுப் போம்மா. பூச்சியா வந்து சாட்சி சொல்லப்போவுது?"

வெள்ளிக்கிழமை அத்தாவிடம் கேட்டாள்.

"அடுத்த வாரம் கை நெறைய வேணும்த்தா."

"என்னத்துக்கும்மா?"

"அரைச்சுப் பாக்கணும். பூச்சிய வளரவுடாம வச்சிருக்குறது இதுதான்னு தோணுது."

அவர் கைக்குட்டையை நான்காக மடித்தார். வெளியே ஒரு சிமெண்டு லாரி போய் முடிந்தது.

"அவன் மேல மொளச்சத அம்மியில வச்சு அரைப்பியா?"

"அம்மி இல்லத்தா. சின்ன உரலு."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவள் காதிலேயே விழுந்தது.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மஞ்சப்பை நிறையத் தழையோடு வந்தார். உட்காரவில்லை. "நீ கேட்டேன்னு அவன்ட்ட சொல்லிட்டுத்தான் கிள்ளுனேன்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு அரைத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளையின் உச்சந்தலை போல மணந்தது. தழைச்சாறு பட்ட பூச்சிகள் குஞ்சாகவே நின்றன. முந்திரிச் சாறும் வெறும் தண்ணீரும் மட்டும் பட்டவை, சட்டையை முதுகில் பிளந்துகொண்டு, ஈரச் சிறகோடு ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினாள். வேலை நிரந்தரமாகவில்லை. திருநீற்றுப்பச்சையின் குணம் வெளிநாட்டில் முன்பே அறிந்ததுதான் என்று பின்னால் தெரிந்தது. ராசாங்கம் ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போனார். பூங்காவனம் கல்லங்குறிச்சிக் கோயில் வாசலில் துளசி மாலை விற்கிறாள். அத்தா இரண்டாயிரத்து ஆறில் மவுத்தானார்; பேரனுக்குப் பக்கத்திலேயே அடக்கினார்கள். விதை சிதறி இரண்டு கபுரிலும் செடி மண்டிவிட்டதாக, சவூதியிலிருந்து திரும்பிவிட்ட கணவன் அனஸ் சொன்னான். காம்பு கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

பெனாசிர் பெரம்பலூரில் ஒரு பள்ளியில் விலங்கியல் நடத்துகிறாள். மேசையில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே பெருத்த சிவப்புப் பூச்சி ஒன்று, சிறகு வர வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் துணுக்குகளோடு. இது குஞ்சா, வளர்ந்ததா என்று பிள்ளைகள் கேட்கும்போது, அவள் குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிக் காட்டுகிறாள்.