அப்பா கேட்ட பூ

அண்ணி பிரியதர்ஷினிக்கு அம்மை போட்டிருந்தது. கொப்புளங்கள் வாடத் தொடங்கிய பிறகும் காய்ச்சல் விடவில்லை. இப்போது இருமலும் சேர்ந்துவிட்டது. பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். நுரையீரல் வரைக்கும் போயிருக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

“நீ காலேஜுல படிச்சது பூச்சிங்களப் பத்தி. இது ஆத்தா.”

நான் படித்தது நுண்ணுயிரியல்.

அம்மன் இறங்கியிருக்கும் வீட்டில் மருந்தும் ஊசியும் அவளை அவமதிப்பதாம். அப்பாவின் பிரஷர் மாத்திரையில் மட்டும் அம்மனுக்கு ஆட்சேபம் இல்லை. தினமும் காலையில் அதைத் தவறாமல் விழுங்கினார். மருமகளை “ஏய்” என்று மட்டுமே கூப்பிடுகிறவர், இப்போது அவள் பாயருகே நின்று “தாயே” என்று கும்பிட்டார்.

ஓசூரில் வேலை செய்யும் அண்ணனுக்குப் போன் செய்தேன். “அப்பா பாத்துக்குவாரு. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு” என்றான். அவனுடைய பொண்டாட்டிதான்.

நான் விடாமல் நச்சரித்ததால் அப்பா கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்தார்.

“உத்தரவு இல்ல.”

நான் அதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியதில்லை.

“போர் போடக் கேட்டப்பவும் மொதல்ல சிவப்புதான் வந்துச்சு. வெள்ளை வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தீங்களேப்பா.”

“அது தண்ணி விசயம்.”

“இது மூச்சு விசயம்ப்பா.”

“வாய மூடு. ஆத்தாகிட்ட பேரம் பேசறதா?”

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். அப்பா வாசலை மறித்து நின்றார்.

“ஆத்தா எங்க இருக்கா மாமா?”

“உம்மேலதான் தாயே.”

“அவ எம்மேல இருக்கறப்ப...” மூச்சு வாங்கினாள். “கோயில்ல போயி யாருகிட்டக் கேட்டீங்க?”

அப்பா கோயில் இருக்கும் திசையைப் பார்த்தார்.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவளும் வரட்டும்.”

அப்பா கைகூப்பி விலகினார். நான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வாள், ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைக் கேட்க அப்பா அங்கே இல்லை. வராந்தாவில் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆத்தாவே வாயத் தொறந்து உத்தரவு குடுத்துட்டாடா. நான் ஒரு நிமிசங்கூடத் தாமசம் பண்ணல.”